ஆயாக் கொட்டாயில நான் படிச்ச பொய்

எனக்குக் கோவம் வந்தா ரெண்டு லயத்து வீடுங்களுக்குக் கேக்கும்னு எங்க தேயிலத் தோட்டத்துல சொல்லுவாங்க. அது பொய். மூணு லயத்துக்குக் கேக்கும். மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்லிடுற இப்படிப்பட்டவ, ஒரு மூணு மாசம் வாயத் தொறந்தா பொய்யா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுவும் யாருகிட்ட? ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவகிட்ட.

எழுபதுகளோட கடைசி அது. அம்பத்தஞ்சு வயசு முடிஞ்சதும், கொழுந்து பறிச்சது போதும் வீட்டுல இருன்னு சொல்லிட்டாங்க. இருன்னா எப்படி இருக்கிறது? நாப்பது வருஷம் கூடை சுமந்த முதுகு, சும்மா இருந்தாத்தான் வலிக்குது. என்னை மாதிரி வேலைய விட்டு நின்ன பொம்பளைங்க பதினஞ்சு பேரு இருந்தோம். ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போயி மருமகளக் கொற சொல்றதுதான் பொழப்பு. அதுவும் எத்தன நாளைக்கு? கொஞ்ச நாள்ல கொறையும் தீந்து போச்சு.

அப்பத்தான் பக்கத்து வீட்டுக்காரி ஒரு யோசனை சொன்னா. அவ எங்க தோட்டத்து ஆயா. தாய்மாருங்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைங்களப் பாத்துக்கிற கொட்டாய்க்கு அவதான் பொறுப்பு. அதனால அவள எல்லாரும் ஆயான்னே கூப்பிடுவோம், எனக்கு அஞ்சு வயசு இளையவளா இருந்தாலும். புருஷன் செத்துப் பல வருஷம் ஆச்சு.

"யக்கா, ஞாயித்துக்கிழம கொட்டாய் சும்மாதானே கெடக்கு. சாவி என்கிட்ட இருக்கு. நீதான் எழுத்துக் கூட்டாம படிப்பியே. பேப்பர்ல வர்ற கதையப் படியேன், நாங்க கேக்குறோம் லா"ன்னா.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் போனவ நான். எங்க பதினஞ்சு பேருல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவளே மூணு பேரு. கேக்கணுமா? தலைகால் தெரியல எனக்கு.

ஞாயித்துக்கிழம மத்தியானம், பிரிஞ்சாங் டவுன்ல இருந்து பக்கத்து ஊரு திரிங்காப்புக்குக் காய்கறி ஏத்தப் போற லோரிக்காரன் பேப்பரை எங்க கேட்டுல போட்டுட்டுப் போவான். சாப்பிட்ட கையோட எல்லாரும் கொட்டாய்க்கு வந்துடுவாளுங்க. சேலைக்கு மேல சுவெட்டர், தலைய மூடி ஒரு துண்டு. பச்சப் பிள்ளைங்க உக்கார்ற குட்டை பெஞ்சுல முட்டி மடங்காத பொம்பளைங்க உக்காந்து எந்திரிக்கிறத நீங்க பாத்திருக்கணும்! ஒருத்தி உக்கார ரெண்டு பேரு கை குடுக்கணும். தூளியையெல்லாம் சுருட்டி மேல கட்டிடுவோம். ஆயா பெரிய கெண்டியில தேத்தண்ணி போட்டு வைப்பா. படிக்கிறப்ப ஒரே ஒரு சட்டம்தான்: யாரும் பாக்கு வெட்டக் கூடாது. வெட்டுனா படிக்கிறத நிறுத்திடுவேன். ஒரு தடவ நெசமாவே நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு பாக்குவெட்டிச் சத்தம் கேக்கணுமே?

அந்த வருஷம் ஒரு தொடர்கதை வந்துச்சு. தோட்டத்துப் பொண்ணு ஒருத்தி சிங்கப்பூருக்கு பேக்டரி வேலைக்குப் போறா. அங்க ஒருத்தன விரும்புறா. தாய்க்காரி ஒத்துக்கல. இதப் படிக்கிறப்ப ஆயா பக்கம் பாக்காமலே படிப்பேன். ஏன்னா ஆயாவுக்கு ஒரே மக. சிங்கப்பூர்ல பேக்டரியில வேல. வேற சாதிப் பையன் ஒருத்தனக் கட்டிக்கப் போறேன்னு எழுதியிருந்தா. அதுக்கு ஆயா ஒரு பதில் சொன்னா. "இனிமே எனக்கு மகளும் இல்ல ஒண்ணும் இல்ல. செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். இந்த வாசப்படிய மிதிக்காத."

அத எழுதினது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான். அவ சொல்லச் சொல்ல, ஒரு எழுத்து மாத்தாம எழுதி, எச்சில் தொட்டு ஸ்டாம்பு ஒட்டினதும் நான்தான். கொஞ்சம் பொறுடி, ஆறப் போடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அன்னிக்கு எனக்கும் அந்தப் பொண்ணு மேல கோவம். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் அங்கருந்து ஒரு வரி வரல.

கதையில பொண்ணு வீட்ட விட்டு ஒதுங்கினதுல இருந்து ஆயா முன்வரிசைக்கு வந்துட்டா. தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டிருப்பா.

எனக்குப் படிக்கிறப்ப ஒரு பழக்கம் உண்டு. வாய் ஒரு வரியில இருக்கும், கண்ணு ரெண்டு வரி தாண்டிப் போயிடும். மேடு ஏறுறப்ப அடுத்த கால் வைக்கிற எடத்த முன்னாடியே பாத்துக்கிறோமே, அது மாதிரி. ஒரு ஞாயித்துக்கிழம, பொண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கான்னு வாய் படிக்குது, கண்ணு கீழ போயிடுச்சு. அடப்பாவி! ஆஸ்பத்திரியில, பக்கத்துல ஒரு நாதி இல்லாம, அந்தப் பொண்ணு செத்துப் போச்சு.

எனக்கு இருமல் வந்துடுச்சு. வந்துச்சோ, வரவச்சேனோ. ஒரு மடக்குத் தேத்தண்ணி குடிச்சேன். முன்னாடி ஆயா உக்காந்திருக்கா, இமை கொட்டாம. என்னால முடியல சாமி. பேப்பரை நல்லா மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, "மறுநாள் காலையில காய்ச்சல் விட்டுச்சு, பொண்ணு எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சி குடிச்சா"ன்னு படிச்சேன்.

ஒரு பொய்யோட போச்சா? அடுத்த ரெண்டு வாரத்துல பேப்பர்ல கதையே முடிஞ்சு போச்சு. அந்த எடத்துல ராஜா ராணிக் கதை ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. எங்க கொட்டாயில மட்டும் அந்தப் பொண்ணு ஜம்முனு இருந்தா. ராஜா படத்த என் பக்கம் வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு அடிச்சு விடுவேன். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன். குடக்கூலிக்கு ஒரு ரூம் புடிச்சுக் குடுத்தேன். நடுவுல ஆயாவோட வீம்பும் எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அதனால ஒரு வாரம், கதையில வர்ற தாய்க்காரியே வீம்ப விட்டு முதல்ல கடுதாசி போட்டான்னு சொல்லிட்டேன்.

எங்க சுவருக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. சாயங்காலம் தேத்தண்ணி ஆயிட்டா ஆயா கரண்டியால பலகையில மூணு தட்டு தட்டுவா, நான் போவேன். அந்தக் கதை சொன்ன மறுநாளும் தட்டுனா. போனேன். மேசையில தாளும் பேனாவும் இருந்துச்சு.

"யக்கா, எழுது. நான் நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே, கோவத்துல சொன்னத மனசுல வச்சுக்காத, வந்துட்டுப் போ. அவ்வளவுதான், எழுது"ன்னா.

எழுதினேன். சந்தோஷமும் பயமும் சேந்து வந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பழைய விலாசத்துக்குப் போட்டோம். ஒரு மாசம் ஆச்சு. பதில் இல்ல. ஆயா பச்சக் கம்பளி நூல் வாங்கி வந்து, பேரப்பிள்ள இருந்தா ஆகும்னு சுவெட்டர் பின்னிக்கிட்டிருந்தா, அளவு தெரியாமலே.

அந்த நேரம் பாத்துத்தான் கிராணியம்மா வந்தாங்க. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியோட சம்சாரம். பிரிஞ்சாங்ல ஒரு மண்டபத்துல மூத்த மகளிருக்குன்னே இலக்கிய விழா வைக்கிறாங்களாம். கும்மி உண்டு, விடுகதைப் போட்டி உண்டு. அந்தத் தொடர்கதை எழுதின எழுத்தாளரே ஈப்போவுல இருந்து வர்றாராம். "உங்க பதினஞ்சு பேரப் பத்தி அவருக்குச் சொல்லிட்டேன், முன்வரிசையில உக்காரணும்"னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எனக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

தலைவலின்னு பாத்தேன், கால் வலின்னு பாத்தேன். விடுவாளுங்களா? "படிச்சவ நீ வராம நாங்க எதுக்குடி"ன்னு தூக்காத குறையா லோரியில ஏத்திட்டாளுங்க. தோட்டத்துத் துரைகிட்ட கேட்டுக் கிராணியம்மா வாங்கின லோரி. பின்னாடி பெஞ்சு போட்டு, பனி மூஞ்சில அடிக்க, எல்லாருக்கும் பட்டுச் சேலை, அதுக்கு மேல சுவெட்டர். ஒரே பாட்டும் கூத்தும். ஆயா என்னை ஒட்டி உக்காந்திருந்தா. வழியெல்லாம் சொல்லிடலாம்னு பாக்குறேன், வாயில கொழுக்கட்டைய வச்சு அடச்ச மாதிரி ஒரு சொல்லு வரல.

விழா நல்லாத்தான் நடந்துச்சு. விடுகதையில எங்க தோட்டத்துக்குத்தான் முதல் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. கும்மியில ஒருத்தி தடுக்கி விழுந்து, விழுந்த எடத்துல இருந்தே கை தட்டி முடிச்சா. மண்டபமே எழுந்து கை தட்டுச்சு. அப்புறம் எழுத்தாளர் பேசினாரு. சின்ன வயசு, மீச இப்பத்தான் கருத்திருக்கு. கேள்வி கேக்கலாம்னாரு.

ஆயா எந்திரிச்சா. மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா.

"தம்பி, அந்தச் சிங்கப்பூர்ப் பொண்ணு இருக்கே. அவ அம்மா போட்ட கடுதாசிக்கு அது எத்தன நாள்ல பதில் போட்டுச்சு?"

எனக்கு உசுரு போயிடுச்சு. அந்தத் தம்பி முழிச்சாரு. "எந்தக் கடுதாசிம்மா? அந்தப் பொண்ணு காய்ச்சல்லயே இறந்துடுச்சுங்களே. கதையும் ரெண்டே வாரத்துல முடிஞ்சு போச்சு."

ஆயா திரும்பி என்னப் பாத்தா. நான் மடியில இருந்த எவர்சில்வர் தட்டப் பாத்தேன். அவ மைக்கக் குடுத்துட்டு, சுவெட்டர் பித்தான ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டா.

முடிஞ்சதும் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்தாரு. கிராணியம்மா விஷயத்த விசாரிச்சுச் சொல்லியிருப்பாங்க போல. "அம்மா, தாய்க்காரி கடுதாசி போடுற மாதிரி எழுத எனக்குத் தோணாமப் போச்சே"ன்னாரு.

"போய்யா! மொதல்ல அந்தப் பொண்ண நீ எதுக்குய்யா கொன்ன?"ன்னு கத்திட்டேன். பாவம், அவரு என்ன பண்ணுவாரு.

திரும்பி வர்றப்ப ஆயா லோரியோட அந்தக் கோடியில போயி உக்காந்துக்கிட்டா. வீட்டு வாசல்ல ஒரே ஒரு வார்த்ததான் சொன்னா. "பொய்ய நம்பி என் வீம்ப விட்டுட்டேனே யக்கா. போன கடுதாசிக்குப் பதிலும் காணோமே. சிரிச்சிருப்பாளே என் மக."

அன்னிலேருந்து சுவத்துல தட்டு இல்ல. அந்தப் பக்கம் கரண்டி பானையில படுற சத்தம் கேக்கும். அவ இருமுனா கேக்கும். எனக்குத் தட்ட மாட்டா. ரெண்டு ஞாயிறு கொட்டாய் பூட்டியே கெடந்துச்சு. மத்தவளுங்க தூறல்ல குடையோட நின்னு பாத்துட்டு என் வீட்டுக்கு வந்து, "பேப்பர்ல அந்தப் பொண்ணு செத்தா செத்துட்டுப் போறா, நீ சொன்ன கதைதான் நல்லா இருந்துச்சு, இங்கயே சொல்லேன் லா"ன்னாளுங்க. போங்கடி அங்கிட்டுன்னு வெரட்டி விட்டேன். கதையா முக்கியம்? அவ இல்லாம எனக்குச் சோறு எறங்கல. வெக்கத்த விட்டுச் சொல்றேன், சுவத்துல காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மூணாவது வாரம், வியாழக்கிழம சாயங்காலம், மூணு தட்டு கேட்டுச்சு. அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடினேன்.

மேசையில ஒரு கடுதாசி. சிங்கப்பூர் ஸ்டாம்பு.

"ஆபீஸ்ல இருந்து குடுத்து விட்டாங்க. படி"ன்னா. என் மூஞ்சியப் பாக்கல.

"கிராணியம்மாகிட்டக் குடுத்திருக்கலாமேடி, என்னை நம்பியா..."

"அந்தம்மா படிச்சா விடிஞ்சதும் ஊருக்கே தெரியும். உன்கிட்டயே படிக்கக் குடுக்கணும்னு என் தலையெழுத்து. ஆனா யக்கா, ஒரு எழுத்து மாத்துனே, உன் வீட்டுச் சுவத்தப் பாத்துக்கூட உக்கார மாட்டேன்."

படிச்சேன். அன்புள்ள அம்மா, நான் நல்லா இருக்கேன். வீடு மாறிட்டோம், உன் கடுதாசி சுத்தி வந்து சேந்துச்சு. அவருதான் பதில் போடுன்னு சொல்றாரு. பொண்ணு பொறந்து ஏழு மாசம் ஆச்சு. ஆயா வாயில முந்தானைய வச்சுக்கிட்டா. என் கண்ணு வழக்கம் போல கீழ ஓடிடுச்சு. ஓடின எடத்துல நின்னுடுச்சு. எனக்கு இருமல் வந்துடுச்சு.

"ஏன் இருமுறே?"ன்னா ஆயா. "அன்னிக்கும் காய்ச்சல்னு சொன்ன எடத்துல இப்படித்தான் இருமுன. படி."

படிச்சேன். "பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையெழுத்துல வந்த அந்தப் பழைய கடுதாசிய இன்னும் நான் கிழிச்சுப் போடல. பிள்ள பொறந்தப்பகூட உன்னக் கூப்பிட மனசு வரல அம்மா. இப்பவும் முழுசா ஆறல. ஆனா தீவாளிக்கு மூணு பேரும் வர்றோம்."

மடிச்சு மேசையில வச்சேன். எனக்கும் சேத்துத்தான் அந்த அடி, தலைய நிமித்த முடியல. கெண்டி கொதிச்சு மூடி ஆடுது, அவ எறக்கல.

அப்புறம் மூக்கச் சிந்திக்கிட்டுச் சொன்னா. "மனசு வரலன்னு எழுதுனதையும் படிச்சுட்டியே. அப்பத் தீவாளிக்கு வர்றதும் நெசந்தான்."

கண்ணத் தொடச்சுக்கிட்டு, அந்தப் பச்ச சுவெட்டர எடுத்து விரிச்சுப் பாத்தா. பத்து வயசுப் பிள்ளைக்கு ஆகும். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். பிரிச்சு நூலச் சுத்துறதுக்கு என் ரெண்டு கையையும் நீட்டச் சொன்னா.