நாலு மணிக்கு வந்த பெயர்

கம்பியில்லாத் தந்தி என்று அதற்குப் பெயர் வைத்தவர் எங்கள் வீட்டு மச்சைப் பார்த்திருக்கமாட்டார். கைப்பிடிச் சுவரில் கட்டிய மூங்கிலுக்கும் கொல்லைத் தென்னைக்கும் நடுவே நீளமாக ஒரு செம்புக் கம்பி. அது மரத்தில் படாமல் இருக்க, உடைந்த சோடா பாட்டில்களின் கழுத்தைக் கோத்துக் கட்டியிருந்தோம். அதிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக என் அறைக்குள் இறங்கும். செய்தி கேட்கிற கருவி அங்கே: ஒரு ஈயக்கல், அதைத் தொடுகிற ஊசி, காதில் வைக்கிற குழல். அங்கிருந்து இன்னொரு கம்பி கிணற்றுக்குள் போகும்.

என் கணவருக்குப் பாளையங்கோட்டையில் தந்தி ஆபீசில் வேலை. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும், பக்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டு மாடிக்குப் போவார். செய்தி அனுப்புகிற கருவி அங்கே இருந்தது. பெரிய எஞ்சினெல்லாம் கிடையாது. நாலு ஜாடி பாட்டரி, ஒரு சுருள், இரண்டு பித்தளைக் குண்டு. குண்டுகளுக்கு நடுவே நெல் நீளத்துக்கு ஒரு பொறி பறக்கும், அவ்வளவுதான். அந்தப் பொறி ஆற்றைத் தாண்டி, வயலைத் தாண்டி, டவுனில் எங்கள் தெருவுக்கு வந்து, என் காதில் கரகரக்கும். சர்க்காருக்கு எழுதிப் போட்டு அனுமதிக் கடிதமும் வாங்கி வைத்திருந்தார்.

ஒருவர் அனுப்பினால் ஒருவர் கேட்கவேண்டும். நாலு மணிக்கு வீட்டில் சும்மா இருக்கிற ஆள் நான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். எந்த வீட்டில் எந்தப் பெண் நாலு மணிக்குச் சும்மா இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு ஆசையாக இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். இதற்காகவே இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் படித்தேன். பித்தளைச் செம்பில் அவர் தட்டத் தட்ட, எந்த எழுத்துக்கு எந்தத் தட்டு என்று பழகினேன். தமிழ் வார்த்தையைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புவார். நான் கேட்டுக்கொண்டே தமிழில் சிலேட்டில் எழுதுவேன். ஈயக்கல்லின் மேல் ஊசிமுனையை எங்கே வைத்தால் சத்தம் தெளிவாக வரும் என்று தேடுவதில் அவரைவிட எனக்குக் கை வாகு. இதை அவரே ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் மழை இல்லை. பிசான நெல்லுக்கு நாற்று விட்டவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தால் எங்கள் கம்பி தெரிந்தது. தெருமுனையில் பருப்புக் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் பேச்சை ஆரம்பித்தார். ஒரு நாள் காலையில் நாலு பேருக்காகப் பேச வந்திருப்பதாகச் சொல்லி, எங்கள் வீட்டு முன்கூடத்தில், தார்சாவில், வந்து உட்கார்ந்துகொண்டார்.

“கம்பியில்லாத் தந்திங்காக. வீடு முழுக்கக் கம்பியாத்தான் கெடக்கு. மேகம் வருது, இங்கன வந்து பாக்குது, அந்தால போயிருது. அதக் கழத்திப் போடச் சொல்லும்வே” என்றார் என் மாமனாரிடம்.

மாமனார் தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் எழுத்தில் வந்தால்தான் நம்புவார். ஒரு முறை குழலைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “மாவு சலிக்கிற சத்தம்லா வருது” என்று திருப்பிக் கொடுத்தவர். நான் எழுதுவதையெல்லாம் புருஷனைச் சந்தோஷப்படுத்தச் செய்கிற காரியம் என்றுதான் எண்ணியிருந்தார். அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை. எனக்கு அந்தப் பெருந்தன்மையைக் கண்டாலே எரியும்.

அவர் ஒரு வழி சொன்னார். மறுநாள் அண்ணாச்சி என் கணவரோடு பாளையங்கோட்டைக்குப் போகவேண்டும். அங்கே வைத்து தன் மனசில் தோன்றுகிற ஏதாவது ஒரு வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டி அனுப்பச் சொல்லவேண்டும். நான் இங்கே, மாமனாருக்கு முன்னால், எழுதவேண்டும். சரியாக இருந்தால் உபயோகமுள்ள கம்பி என்று இருக்கும், தப்பினால் அன்றைக்கே இறங்கும். அண்ணாச்சியும் சரி என்றார்.

கம்பி இறங்கினால் என் கணவருக்கு ஆபீஸ் இருக்கிறது, அங்கே நாள் முழுக்கத் தந்திதான். எனக்கு அது ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடப்பது என் அறைக்குள் வந்து சேர்வதை ஒருமுறை கேட்டவளுக்கு அரிசி களைகிற சத்தம் மட்டும் போதாது. தோற்கமாட்டேன் என்று இருந்தேன்.

மறுநாள் நாலு மணிக்குச் சத்தம் கணீரென்று வந்தது. ஒரு எழுத்து தப்பவில்லை. எழுதி முடித்து, சிலேட்டை மாமனார் கையில் கொடுத்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில் வண்டி வரும்வரை பாட்டுக்கூடப் பாடினேன். அவ்வளவு நிச்சயம்.

அண்ணாச்சி வந்து மடியிலிருந்த காகிதத்தை எடுத்தார். மாமனார் சிலேட்டை வாசித்தார்: “மூணு குடை அவுக எடுத்து வரணும்.”

“மூணு குடை சரி. எடுத்து வரணும், அதும் சரி. ஆனா அவுகன்னு நான் எழுதலயே” என்றார் அண்ணாச்சி. “உம்ம மகன் பேரத்தானவே எழுதுனேன். பேரு எங்க?”

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர் வந்தது. மூன்றாம் எழுத்திலேயே தெரிந்தும்விட்டது. ஆனால் கை தன்பாட்டுக்கு ‘அவுக’ என்று எழுதியிருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை நான் சொன்னதுமில்லை, எழுதினதுமில்லை. யாராவது கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்லுவேன். எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

என் கணவர் விஷயம் புரிந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த இடத்திலேயே நறுக்கியிருப்பேன். “பொம்பளப் பிள்ள எப்படிப் புருஷன் பேர எழுதும்? அதான் அண்ணாச்சி” என்று எனக்காகப் பேச வந்தார்.

“அது சாக்கு தம்பி. பேரு விழல, குத்துமதிப்பா எழுதிட்டு. குடையும் குத்துமதிப்பாத்தான் இருக்கும்” என்றார் அண்ணாச்சி. மாமனார் தென்னைமரத்தைப் பார்த்தார். ஆள் விட்டுக் கம்பியை இறக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“நாளைக்கு இன்னொரு தடவ வைங்க அண்ணாச்சி” என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்தே. “யாரு பேர வேணும்னாலும் போடுங்க. எழுதுதேன். வாயால வாசிக்கவும் செய்யுதேன்.”

“பெரியவுக பேரும் வரும், தெரியும்லா?” என்றார் மாமனார், பைய.

“வரட்டும் மாமா.”

சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பெயர்கள் வாயில் வருமா என்று பழகிப் பார்க்கவேண்டியிருந்தது. காலையில் குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது, மற்ற பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போனேன். ஆறு இடுப்பளவுதான் ஓடியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி, தண்ணீருக்குள் என் கணவர் பெயரைச் சொன்னேன். குமிழிதான் வந்தது. மறுபடி முங்கி மாமனார் பெயரையும் சொன்னேன். கரையில் ஒருத்தி, “என்னத்தா, இத்தன முங்கு? யாருக்குத் தீட்டு?” என்று கேட்டாள். எண்ணெய் போகவில்லை என்றேன்.

அன்றைக்கு நாலு மணிக்குச் சத்தமே இல்லை. மாமனார் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊசியை நகர்த்தினேன். ஒன்றுமில்லை. கல்லை முந்தானையால் துடைத்து, ஊசியை வேறு இடத்தில் வைத்தேன். எங்கோ தொலைவில் கரகரவென்று லேசாக ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்து அவருக்கு இருமல்.

“மாமா, இருமாதீங்க” என்றேன்.

அந்த வீட்டில் அவரை அப்படி யாரும் அதட்டினதில்லை. வாயில் துண்டை வைத்துக்கொண்டு அடக்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது பாவம்.

முதல் வார்த்தையே மாமனார் பெயர். அண்ணாச்சி வேண்டுமென்றே போட்டிருந்தார். குச்சி சிலேட்டில் பட்டது, நின்றது. அடுத்த எழுத்து வந்துகொண்டிருந்தது, அது எனக்காகக் காத்திருக்காது. எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெயரை ஒரு மரியாதையும் சேர்க்காமல், வந்தபடி எழுதினேன். அடுத்து என் கணவர் பெயர். அதையும் எழுதினேன். மாமனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வண்டி வந்தது. அண்ணாச்சி காகிதத்தை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, “வாசிக்கட்டும்” என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று வாசித்தால் குரல் நடுங்குவது தெரியாது. ஆனால் அப்படி வாசித்தால் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்பார். அதனால் நிலைப்படி தாண்டி விளக்கு வெளிச்சத்துக்கு வந்தேன். சிலேட்டை மார்போடு பிடித்துக்கொண்டேன். பார்த்து வாசிக்கவேண்டிய அவசியமில்லை. மாமனாரின் பெயரைச் சொன்னேன். “மகன்” என்றேன். மூச்சு வாங்கி, என் கணவரின் பெயரைச் சொன்னேன்.

“என்னளா?” என்றார் அவர்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று நிமிர்ந்து கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒற்றைக் காலில் செருப்போடு நின்று என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிரிக்கவில்லை அவர், இந்தத் தடவை. எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மிச்சத்தையும் வாசித்தேன்: “அண்ணாச்சி கடையில் நாலு படி துவரம்பருப்பு வாங்கணும்.”

மாமனார் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார். “எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கு. கம்பி கெடக்கட்டும் வே. மழைக்கு வேற யாரையாது பிடியும்” என்றார். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நாலு படி பருப்பாவது நிஜமாக வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று நான்தான் பதில் சொன்னேன்.

மறுநாளிலிருந்து என் கணவர் எந்தச் செய்தியையும் தன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். நான் இருக்கிறேன் என்று சொல்வதற்காம். சீமையில் யுத்தம் மூண்டு, கம்பியை இறக்கச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு வருகிறவரை, ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் நாலு மணிக்கு அந்தப் பெயரை நான் எழுதினேன். எழுதிய சிலேட்டை அவர் வந்து பார்க்கிறவரைக்கும் அழிக்கமாட்டேன்.