கீழ்ப்படியில் ஒட்டிய பெயர்

நாகலட்சுமி தெர்மாகோல் அட்டையைத் தரையில் போட்டு, முழங்காலால் அழுத்திப் பிடித்து, பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஆறு துண்டுகள். கீழே வைப்பது நீளம், மேலே போகப் போகக் குட்டை. ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரில் ஒட்டினால் படிக்கட்டு. சேலை முழுக்க வெள்ளைத் துகள். தட்டிவிட நேரமில்லை, பசை காய்வதற்குள் ஒட்டியாக வேண்டும்.

அவள் கை சும்மா இராது. மலையடிவாரத்துக் காரவள்ளியில் சொந்தக் காடு வைத்து நிலக்கடலை போட்ட குடும்பத்துப் பெண். ஆசிரியர் பயிற்சி முடித்து, மலைமேல் திண்ணனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்து, தினமும் மலைக்குப் பஸ் ஏறினாள். முதல் வருடம் வளைவுக்கு வளைவு குமட்டல். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய்ச் சேர்ந்தாள். பிறகு உடம்பு பழகிக்கொண்டது. எதைக் காதில் கேட்டாலும் அதைக் கையால் தொடுகிற பொருளாகச் செய்தால்தான் அவளுக்குத் திருப்தி. பின்னத்துக்கு அட்டையில் தோசை, கிரகணத்துக்குப் பந்தும் டார்ச்சும். "இந்த அட்டைக்குப் போட்ட காசுல நம்மூட்டுக்கு ரெண்டு தடவ வெள்ளையடிச்சிருக்கலாம்" என்பார் கணவர் தேவராஜ்.

அந்த வருடம் செம்மேட்டில் நடந்த பயிற்சியில் சிவபிரகாஷ் என்ற இளைஞர், வகுப்பில் கேட்கும் கேள்விகளில் ஆறு படிகள் உண்டு என்று விளக்கினார். நினைவில் இருப்பதைச் சொல்வது முதல் படி. பிறகு புரிந்துகொள்வது, பயன்படுத்துவது, பிரித்துப் பார்ப்பது, சரியா தவறா என்று எடைபோடுவது, கடைசியாகப் புதிதாய் ஒன்றை உண்டாக்குவது. அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். நாகலட்சுமியின் மனது அதற்குள் தெர்மாகோலை அளக்க ஆரம்பித்துவிட்டது.

படிக்கட்டு சுவரேறியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் ஒரு பொம்மை வெட்டி, பெயர் எழுதி, அவரவர் எட்டிய படியில் ஒட்டினாள். தலைமையாசிரியர் யுவராஜ் எட்டிப் பார்த்தார்.

"காவடி ஒண்ணுதான் குறைச்சலுங்க டீச்சர். மத்தபடி பழனியேதான்."

"கிண்டல் பண்ணாதீங்க சார். எந்தப் பிள்ளை எங்க நிக்குதுன்னு இனி பாத்ததும் தெரியும்."

தெரிந்தது. அன்னாசி விற்கும் கண்ணாயியின் மகள் சண்முகப்பிரியா கீழ்ப்படியில் நின்றாள். வாய்ப்பாடு ஏழைத் தாண்டாது. மனப்பாடப் பாட்டில் இரண்டாம் அடி வந்தால் முதல் அடி போய்விடும். ஒரு படியைத் தாண்டினால்தான் அடுத்த படிக் கேள்வி என்பது நாகலட்சுமி வைத்த சட்டம். அதனால் அந்தப் பிள்ளைக்கு வருடம் முழுக்க வாய்ப்பாடும் பாட்டும்தான். ஒருநாள் அவளே எழுந்து கேட்டாள்:

"டீச்சர், மிளகுக்கொடிய சில்வர் ஓக் மரத்துல ஏத்துறாங்க, பலாவுல ஏத்துறாங்க. வாழையில ஏனுங்க ஏத்தறதில்ல?"

"மொதல்ல எட்டாம் வாய்ப்பாட்டச் சொல்லு கண்ணு. அதெல்லாம் அப்புறம்."

பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

நாகலட்சுமி நல்ல ஆசிரியை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கறை இல்லாத ஆசிரியை என்றால் சுவரை வெறுமனே விட்டிருப்பாள், பிள்ளையும் தப்பித்திருக்கும்.

அந்தப் பிள்ளைகள் ஐந்தாவது முடித்துப் போன பின், ஜூன் மாதக் கடைசியில் ஒரு கூட்டத்துக்காகச் செம்மேடு போனவள், பஸ் நிலையத்தில் கண்ணாயியைப் பார்த்தாள். முன்னால் அன்னாசிக் கூடை. பக்கத்தில் கத்தியும் உப்புமிளகாய்த் தூளுமாக சண்முகப்பிரியா. பள்ளிக்கூட நாள்.

"ஏன் கண்ணாயி, புள்ளைய ஆறாவது சேக்கலியா? பஸ்ஸுல ஏறுனா இதே ஊர்லதான ஸ்கூலு?"

"நா வேண்டாங்கலீங்க டீச்சர். அவதான் மாட்டேங்கறா. தலையால தண்ணி குடிச்சுப் பாத்துட்டேனுங்க."

"ஏன் சாமி?"

சண்முகப்பிரியா அன்னாசியின் கண்களைத் தோண்டிக்கொண்டே சொன்னாள். "ஆறாவதுல மேல்படிக் கேள்வியா கேப்பாங்களாம். நா இன்னும் கீழ்ப்படிதானுங்களே."

நாகலட்சுமிக்குச் சட்டென்று சிரிப்பு வந்து, அப்படியே நின்றது. "அது வெறும் அட்டை கண்ணு!"

"வெறும் அட்டைன்னா ஏனுங்க டீச்சர் வருசம் பூரா எடுக்கல?"

"ஏய், டீச்சர்கிட்ட எதிர்வாயா?" என்று கண்ணாயி மகளின் தோளில் தட்டினாள். நாகலட்சுமி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வாழையில ஏன் மிளகு ஏத்தறதில்லைன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? இப்பச் சொல்லு பாக்கலாம், ஏனாம்?"

பிள்ளை யோசித்தது. யோசித்தது பதிலை அல்ல. "நானுங்களா கேட்டேன்? ராதிகாவா இருக்குமுங்க. அவ மேல்படி."

அப்போதுதான் சிவபிரகாஷ் சொன்ன மீதி காதில் விழுந்தது: படி கேள்விக்குத்தானுங்க, பிள்ளைக்கு இல்லீங்க. அன்றைக்கே சொன்னதுதான். தெர்மோமீட்டர் காட்டுவது அந்த நேரத்துக் காய்ச்சலை. அதைப் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? இவள் வைத்தாள், பொம்மை வெட்டி, அழகாக.

"நாளைக்குக் காலையில நான் வாரேன். ஒண்ணா போலாம்" என்றாள்.

"அங்கயும் படி ஒட்டியிருப்பாங்களா?"

"இருக்காது."

"இருந்தா?"

"இருந்தா நானே கிழிச்சுப் போடறேன்."

கண்ணாயி சிரித்துவிட்டாள். "போலீஸ் புடிக்கப்போவுது டீச்சர்!" பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு துண்டு அன்னாசியை உப்புமிளகாயில் தோய்த்து நீட்டியது. காசு வாங்க மறுத்துவிட்டது.

காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸை விட்டுவிட்டு, நாகலட்சுமி மறுபடி தன் பள்ளிக்குப் போனாள். யுவராஜ் பூட்டப் போன நேரம். இந்த வருடத்துப் பிள்ளைகளுக்கென்று புதிதாய் வெட்டி ஒட்டிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பசை நல்ல பசை. சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

"என்னங்க டீச்சர், நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் யுவராஜ்.

"நல்லா இருந்ததுதான் தப்பு சார். ஏணியப் புடிங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செம்மேட்டுக்குப் போய், கண்ணாயியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்குள் நுழைந்தாள். சேர்க்கை முடிந்தது. வகுப்பாசிரியை சுகுணா வாசலுக்கு வந்தாள், வயதில் சின்னவள்.

"இவகிட்ட வாய்ப்பாடு கேட்டு ஆரம்பிக்காதீங்க. ஏன், எப்பிடின்னு கேளுங்க. பதில் மெதுவாத்தான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள் நாகலட்சுமி. சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. பொறுக்காதவள் பொறுக்கச் சொல்கிறாள்.

"கிளாஸ் நிறைய புள்ளைங்க டீச்சர். முடிஞ்சதப் பாக்கறேனுங்க" என்றாள் சுகுணா. பொய் சொல்லாத பெண்.

சண்முகப்பிரியா உள்ளே போனாள். முன்வரிசையில் இடம் இருந்தது. அதைத் தாண்டி, நடு வரிசையையும் தாண்டி, கடைசி பெஞ்சின் ஓரத்தில் போய், கேட்காமலே உட்கார்ந்தாள். முன்னால் வந்து உட்காரச் சொல்ல நாகலட்சுமி வாய் திறந்தாள். இது தன் வகுப்பு இல்லை என்று மூடிக்கொண்டாள். யுவராஜுக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றாள். மணி அடிக்கும் வரை வராந்தாவில் நின்று அந்த பெஞ்சையே பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.