சண்டை ஒத்திகை

அந்த விடுதிப் பள்ளியில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. மாணவியருக்கும் ஆசிரியைகளுக்கும், வாசலில் நிற்கும் காவலாளிக்குங்கூட அவள் ‘பொது அம்மா’. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்படியொரு பட்டம் வாய்த்ததற்கு அங்கிருந்த ஒரு வழக்கமே காரணம்.

படிப்பில் தடுமாறியவர்கள், வீட்டாரோடு ஒத்துப்போக முடியாதவர்கள், ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் படுத்துவிட்டுப் பிறகு எழுந்திருக்கவே மனமில்லாமற் போனவர்கள் ஆகிய பெண் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட பள்ளி அது. தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பும் முன் தலைமையாசிரியை ஒரு நிபந்தனை விதித்திருந்தார். வீட்டில் எந்தச் சண்டையால் எல்லாம் கெட்டதோ, அந்தச் சண்டையை இங்கே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். சனிக்கிழமை மாலைகளில், துணி மடிக்கும் அறையில் அது நடக்கும். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குக் கூச்சம் குறையும் என்பது அவர் கணக்கு. புறப்படுபவள் மகளாக நிற்பாள். இன்னொருத்தி அவளுடைய தாயாகப் பேசுவாள்.

அத்தனை தாய்மார்களாகவும் நின்றவள் இவள். முந்தின நாளே அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து விசாரிப்பாள். “கோபம் வந்தா உங்கம்மா உக்காந்து திட்டுவாங்களா, நடந்துக்கிட்டே திட்டுவாங்களா? முதல்ல எத எடுப்பாங்க, படிப்பயா, பக்கத்து வீட்டுப் பொண்ணயா?” இவ்வளவு தெரிந்தால் போதும். மறுநாள் மேசையருகே அச்சு அசலாக அந்த அம்மா வந்து நிற்பார்.

அவளுடைய அறைத்தோழிக்குச் சுருண்ட முடி. அதனால் சுருட்டை என்று பெயர். அவள் முறை வந்தபோது நடந்ததை விடுதியில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள்.

“ஏன்டி, மணி என்ன ஆச்சு? இது வீடா, லாட்ஜா?”

“இப்பதானே வந்தேன்.”

“வந்ததும் போன எடுத்தாச்சு. அதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து.”

சுருட்டை தலையணை உறையை வீசியெறிந்தாள். “மிஸ், இவ எங்கம்மாகிட்ட போய் டியூஷன் படிச்சிட்டு வந்திருக்கா.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் பொது அம்மா குரலை இறக்கி, “கதவுகிட்டயே நின்னுட்டிருந்தேன்டி. காலு மரத்துப்போச்சு,” என்றாள். சுருட்டை உறையைக் குனிந்து எடுத்து மடிக்கலானாள்.

நடிப்பு பலருக்கும் வரும். திட்டுகிறவர் சொல்லாமல் விழுங்கிய ஒரு வாக்கியத்தைக் கண்டெடுக்கும் காது அவளுக்கு மட்டுமே வாய்த்திருந்தது. அதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் அவளுடைய முறை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு வீட்டிலிருந்து படிக்க வேண்டும் என்பதே அவள் ஆசை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. முந்திய மாலை சுருட்டை அவளை மடக்கினாள்.

“உங்கம்மா எப்படித் திட்டுவாங்க?”

“திட்ட மாட்டாங்க.”

“அடிப்பாங்களா?”

“சே.”

“பின்ன என்னதான் பண்ணுவாங்க?”

“துணி மடிப்பாங்க.”

உண்மையும் அதுதான். அப்பா வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். கேள்வி கேட்டாள், கத்தினாள், கதவை அறைந்தாள். அம்மா எதற்கும் பதில் சொல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தார். அன்றைய ஒத்திகையில் அந்த அம்மாவாக உட்கார்ந்த சுருட்டை, இரண்டாவது துண்டிலேயே சிரித்துவிட்டாள். “என்னால ஆகாது மிஸ். பேசாம இருக்குறதுக்கு நான் பொறக்கவே இல்ல.” ஒத்திகை பாதியில் கலைந்தது.

மறுநாள் அம்மா வந்தார். தையல் கம்பெனியில் சூப்பர்வைசர்; இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் ஒலித்துப் பழகிய குரல். மகளிடம் மட்டும் அது அடங்கிவிடும்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“இளைச்ச மாதிரி இருக்க.”

அத்தோடு பேச்சு தீர்ந்தது. என்ன முடிவு என்று தலைமையாசிரியை கேட்டதும் அம்மா கைப்பையின் பிடியைப் பார்த்தபடி, “இங்கயே இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கா,” என்றார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. முன்னைய பெண்ணாக இருந்தால் கதவு அறைபடும் சத்தம் கேட்டிருக்கும். இப்போது எழுந்து நின்று, “அம்மா, ஒரு தடவ ஒத்திகை போட்டுப் பாக்கலாம்,” என்றாள். “நான் நீயா இருக்கேன். நீ நானா இரு.”

மூவரும் துணி மடிக்கும் அறைக்குப் போனார்கள். அவள் ஒரு துண்டை எடுத்து உதறி மடிக்கத் தொடங்கினாள்.

“நான் என்ன பேசணும்?”

“நான் பேசினதத்தான்.”

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல.”

அவள் மடித்த துண்டை அடுக்கில் வைத்தாள்.

“ஏன்னு கேக்க மாட்டியா?”

அடுத்த துண்டு.

“அப்பா எங்கன்னு கேட்டேன்.” அம்மாவின் குரல் ஏறியது. “நான் ஒருத்தி இங்க நிக்கிறேன். காதுல விழுதா இல்லையா?” மேசையில் ஓங்கி அறைந்தார். அடுக்கு சரிந்தது.

பதில் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, சரிந்தவற்றை வாரியெடுத்து, முதல் துண்டிலிருந்து மறுபடி மடித்தாள்.

“ஏதாவது பேசித் தொலையேன்டி.”

சொன்ன வேகத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து, “இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

“அவர் போன அன்னிக்கு நான்தான் வாய் ஓயாம பேசினேன். பேசியே ஒருத்தர வெளிய அனுப்பிட்டேன். உன்கிட்டயும் வாயத் திறந்தா…”

விழுங்கப்பட்ட வாக்கியத்தை இத்தனை நாளும் மற்ற வீடுகளில் தேடியவள், தன் வீட்டுடையதை இன்றுதான் கேட்டாள். கையிலிருந்த துண்டை மேசையில் வைத்தாள்.

“நான் எங்கயும் போக மாட்டேம்மா. திட்டு.”

“திடீர்னு திட்டுன்னா எப்படித் திட்டுறது?”

“ஒரு வருஷம் படுத்தே கெடந்தேனே, அங்கிருந்து ஆரம்பி.”

அம்மா ஒரு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அது இப்பதான் துவைச்சது.”

“மறுபடி துவை. துவைச்சா கை தேஞ்சிடாது. அந்த ஒரு வருஷத்துல ஒரு தட்டு கழுவியிருப்பியா நீ? வச்ச சோறு வச்சபடி இருக்கும்.”

“சாப்பிடாத தட்ட எதுக்குக் கழுவணும்?”

“எதிர்த்துப் பேசாத.”

“பேசத்தானே வந்திருக்கோம்.”

தலைமையாசிரியை வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சன்னலடியில் குந்தியிருந்த சுருட்டையையும் மற்றவர்களையும் அவர் விரட்ட வேண்டியிருந்தது. “அவங்கம்மா நல்லாவே திட்டுறாங்க மிஸ்,” என்று அவள் பெருமையோடு சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு திறந்தபோது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மகளுக்குக் கண்கள் வீங்கியிருந்தன. “வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்,” என்றார் அம்மா. “எனக்குப் பயம்தான். பரவால்ல.”

அவள் மாடிக்கு ஓடிப் பெட்டியை அடுக்கினாள். மாடிப்படியின் அடியில் நின்றபடி, செருப்பை எடுத்தாயா, சோப்பை ஈரத்தோடு வைத்தாயா, அந்தப் பழைய போர்வை எதற்கு என்று அம்மா ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலிருந்து பதில் வந்தது.

“கொஞ்ச நேரம் பேசாம இரேம்மா.”