விசாரணைக்கு வராத அப்பீல்

என் தம்பி செல்வத்துக்குப் பத்து வருடம் என்று தீர்ப்பான அன்று, நான் அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில், மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் திண்டுக்கல்லில் மினி லாரி ஓட்டியவன். ஆந்திராவிலிருந்து ஏற்றி வந்த மிளகாய் மூட்டைகளுக்கு அடியில் கஞ்சா இருந்தது என்று வழக்கு. தனக்குத் தெரியாது என்றான். கோர்ட் நம்பவில்லை. நான் நம்புகிறேன். பீடி வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிறவன் அவன்.

அப்பீல் போட்டோம். அது முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து அவனை வெளியே விடும்படி ஒரு மனுவும் போட்டோம். போதைப்பொருள் வழக்கில் அது லேசில் கிடைக்காது என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே தள்ளுபடியானது. விசா சிக்கலில் என்னால் ஊருக்கும் போக முடியவில்லை. போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அம்மா அவனைச் சிறையில் பார்த்துவிட்டு வந்து போனில் அழுவாள். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

இங்கே எங்கள் அனுமார் கோயிலில் வேண்டுதலை மனதில் நினைத்துத் தேங்காய் கட்டுவோம். சில நாள் கழித்து அதை அவிழ்த்து, இனிப்பு செய்து வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டும். கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு கிரீன் கார்டு வேண்டுதல்தான். என்னையும் அப்படி நினைத்து ஒரு ஆன்ட்டி, "கவலைப்படாதம்மா, உனக்கும் கிரீன் கார்டு டேட் வந்துடும்" என்றார். தலையாட்டினேன். சிறை என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பியின் அப்பீல் சீக்கிரம் விசாரணைக்கு வர வேண்டும். ஒவ்வொரு தேங்காய்க்கும் அதையே கேட்டேன். வரவில்லை. வருடங்கள்தான் போயின. தேங்காய் பர்ஃபியைப் பார்த்தாலே மகள், "நாட் அகெய்ன், அம்மா" என்பாள். எனக்கும் தொண்டையில் இறங்காது. ஒரு சனிக்கிழமை சன்னிதியில் நின்று சண்டையே போட்டேன். "கடலைத் தாண்டினவருக்கு ஒரு கோர்ட் படி ஏற முடியலையா?"

அதன் பிறகும் தேங்காய் கட்டினேன். வேறு எங்கே போவேன்?

போன குளிர்காலத்தில் வக்கீல் இரண்டாவது மனு போட்டார். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. மகளைப் பள்ளியில் இறக்கிவிடக் கார் வரிசையில் காத்திருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"ஆர்டர் ஆயிடுச்சும்மா. தண்டனையை நிறுத்தி வச்சிட்டாங்க. தம்பி ஜாமீன்ல வந்துடுவார்."

"போன தடவை முடியாதுன்னாங்களே சார்?"

"பாதித் தண்டனையை உள்ளயே கழிச்சிட்டார். அப்பீலும் இப்போதைக்கு வர்ற மாதிரி இல்ல. அதைத்தாம்மா ஜட்ஜ் பார்த்தார். அப்பீல் சீக்கிரம் லிஸ்ட்ல வந்திருந்தா இந்த ஆர்டரே கிடைச்சிருக்காது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வரிசையை விட்டு விலகி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எதை அனுமார் தரவில்லை என்று சண்டை போட்டேனோ, அதைத் தராததால்தான் கதவு திறந்திருக்கிறது.

செல்வம் வீட்டுக்கு வந்துவிட்டான். பாதி ஆளாக வந்திருக்கிறான். திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. வீடியோவில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தண்டனை நின்றிருக்கிறது, போகவில்லை. அப்பீலில் தோற்றால் திரும்பவும் உள்ளே போக வேண்டும். ஆனால் அம்மா இப்போது தூங்குகிறாள். அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான் என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு தெம்பு இருக்கிறது. அதற்கே அனுமார் காலில் விழுந்து கிடக்கலாம்.

சென்ற சனிக்கிழமை மறுபடியும் தேங்காயோடு போனேன். அந்த ஆன்ட்டி வழக்கம்போல டேட் பற்றிக் கேட்டார். "எனக்கில்ல ஆன்ட்டி. ஜெயில்லேர்ந்து வந்திருக்கற என் தம்பிக்கு" என்றேன். அவர் என் தேங்காயை வாங்கிக் கயிறு சுற்றிக் கொடுத்தார்.

கட்டும்போது என்ன கேட்பதென்று தெரியவில்லை. அப்பீல் சீக்கிரம் வரட்டும் என்று கேட்கப் பயம். வராமலே இருக்கட்டும் என்று கேட்கவும் பயம். நம்பிக்கையோடு வருகிற உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால், அனுமாருக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் அன்று செல்வம் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.