தேரடியில் ஒரு குடை

காலை 5.40. வவுனியாவில் பஸ் ஏறும்போதே குடை கையில் இருந்தது. மழைக்குணம் கொஞ்சமும் இல்லை. கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். இருபத்திரண்டு வருடம் நில அளவையாளராக வெட்டவெளியில் காய்ந்தவன் நான். போன வருடம் பிடரியில் ஆறாமல் கிடந்த புண்ணை வெட்டி எடுத்தார்கள். தோலில் புற்றுநோய், நல்லவேளை நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்கும் வெயிலுக்கும் நேரடிப் பகை.

8.30. கொடிகாமம் சந்தையடியில் ஓட்டோ பிடித்தேன். கோயில் நாலு கிலோமீற்றர் தூரம், அன்று தேர். மப்பாகக் கிடக்கிற நாளில் குடை எதற்கு என்று சாரதி சிரித்தார். முகில் சூட்டைக் குறைக்கும், தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு அதற்குள்ளாலும் வந்துவிடும் என்றேன். கறுத்த தோலுக்கு ஒன்றும் செய்யாதாம் என்றார். கொஞ்சம் தாங்கும், முழுக்கத் தாங்காது. என் பிடரித் தழும்பைக் காட்டினேன்.

10.15. முகில் கலைந்து, கோயில் வீதியில் என் நிழல் என்னைவிடக் கட்டையாக விழுந்தது. நிழல் குறுகினால் கதிர் கடுமை, ஒதுங்கு என்பது டாக்டர் சொன்ன கணக்கு. போதாததற்கு வெள்ளை மணல், கீழிருந்தும் அடிக்கும். வெயிலுக்குப் பூசுகிற களிம்பை இரண்டாந்தரம் பூசினேன். ஆண்கள் எல்லாரும் வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டி நின்றார்கள். மரியாதை அதுதான். நான் சட்டையைக் கழற்றினேன். சால்வையால் பிடரியையும் தோளையும் மூடிக்கொண்டு, குடைக்குக் கீழே நின்றேன்.

பெரியப்பாவின் மகன்தான் கோயில் தலைவர். அறுபது வயது, புகையிலைத் தோட்டக்காரன். எப்போதும்போல வலது காதில் செவ்வரத்தம்பூ. தேர் வடத்தில் முதல் கை வைப்பது எங்கள் குடும்பத்து உரிமை. அவர் நேரே என்னிடம் வந்தார்.

“குடையை மடக்கு, சால்வையை இடுப்பிலை கட்டு. இல்லாட்டி வடத்திலை கை வையாதை.”

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஐம்பது வருடமாகக் கும்பிடுகிற பிள்ளையாரின் வாசலில் நான் என்ன களவா எடுத்தேன்?

“அண்ணை, பிள்ளையாருக்கே குடை பிடிக்கிறியள். எனக்குப் பிடிக்கக்கூடாதோ?”

குடையை மடக்கி வைத்துவிட்டு, சால்வை தோளில் கிடக்க, வடத்தைப் பிடித்தேன். ஒருவரும் என் கையைத் தட்டிவிடவில்லை. தேர் நகர்ந்தது. அன்னதானத்தில் அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை.

பிற்பகல் 4.00. கொடிகாமத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். இளநீர் நூற்றைம்பது ரூபாய், குடித்தேன். இனி இந்தக் கோயில் பக்கம் வருவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது மோட்டார்சைக்கிளில் அண்ணை வந்து இறங்கினார். என் குடைக்குள் வந்து நின்றார். காதுப் பூவை எடுத்தார்.

காதின் மேல்விளிம்பில், காசளவு புண். பொருக்குப்போல அயறு கட்டி, வெடித்து, ஓரம் தடித்திருந்தது.

“ஏழு மாசம். ஆறுதில்லை. திருநீறு பூசினனான், பூவாலை மறைச்சனான். உன்ரையும் இப்பிடியே துடங்கினது?”

“ஓம் அண்ணை.”

காலையில் எனக்கு ஏறிய கோபம் முழுவதும் இப்போது அந்தப் புண்ணின் மேல் திரும்பியது. வெயிலே, என்னை வெட்ட வைத்தாய், போதாதா? இவரை உனக்கு விடமாட்டேன்.

வவுனியா பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை. விடியத் தெல்லிப்பழை புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போகிறோம் என்றேன் அண்ணையிடம். தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற வேண்டும் என்று முனகினார். தோட்டம் கிடக்கட்டும் என்றேன்.

மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக் குடையை விரித்தேன். காற்றுக்கு அது மறுபக்கம் மடிந்தது. திருப்பி விரித்து, அவருடைய வலது காதுக்கு நேரே பிடித்தேன்.