தண்ணி குளிரட்டும்

எனக்குப் பொறுமை கிடையாது. தூண்டிலைப் போட்டால் மீன் உடனே வந்து கொத்தவேண்டும். கொத்தாவிட்டால் இடத்தை மாற்றுவேன், இரையை மாற்றுவேன், பக்கத்தில் நிற்கிற யாரையாவது ஏசுவேன். என் தங்கச்சி இதற்கு நேர்மாறு. ஆகையால் கோடையில் சீசன் திறந்த புதிதில் நான் கூடுதலாகப் பிடிப்பேன். மரங்கள் இலை முழுக்கக் கொட்டிவிட்டால் அவள்தான் பிடிப்பாள். பாஸ் மீனின் குணம் அப்படி. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தால் அசைகிற எதையும் துரத்திக்கொண்டு வரும். தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிட்டால், வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தாலும் யோசித்து யோசித்துத்தான் வாயைத் திறக்கும்.

ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அப்பார்ட்மென்டுக்குள் உறவுக்காரர் எல்லாரோடும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினோம். மீனுக்காக அல்ல. வீட்டுக்குள் வாய்விட்டு ஒரு கதை கதைக்க முடியாது, அதற்காக. பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேலை. கடைசியில் இருவரும் நகரத்தின் ஓரத்தில், ரூஜில், அடுத்தடுத்த தெருக்களில் வீடு வாங்கினோம். பள்ளிக்கூடம் நல்லது என்று கணவன்மாருக்குச் சொன்னோம். ஆறு ஏரியில் விழுகிற இடம் பக்கத்தில் இருக்கிறது என்பதை நாங்களாகச் சொல்லவில்லை.

தண்ணீரின் சூடு பார்க்க எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் தாரா, வாத்துப் பொம்மை, இருந்தது. தங்கச்சிக்கு மகள் பிறந்தபோது யாரோ கொடுத்த பரிசு. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தொட்டியில் மிதக்கவிட்டால் வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு ஏறிச் சூட்டைக் காட்டும். பிள்ளை வளர்ந்த பிறகு அதன் கழுத்தில் நூல் கட்டி ஆற்றுக்குக் கொண்டுவந்துவிட்டோம். விலையான சாமான்களோடு வந்து நிற்கிற வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தங்கச்சி தாராவை எறிந்து, கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, இழுத்தெடுத்து எண்ணைச் சொல்லுவாள். அதைக் கேட்டுத்தான் நான் இரைப் பெட்டியைத் திறப்பேன். இருபது என்றால் தண்ணீருக்கு மேலே துள்ளுகிற ரப்பர் தவளை. இருபத்தைந்தைத் தாண்டினால் மீன் பாசிக்கு அடியில் நிழல் தேடிப் போய்விடும், விடியப்புறத்தில் மட்டும்தான் ஒரு வாய்ப்பு. பதினைந்துக்குக் கீழே இறங்கினால் மீனுக்கு அவசரம் பிடித்துவிடும். பனிக்காலம் வருமுன் வயிற்றை நிரப்ப எதைப் போட்டாலும் விழுங்கும். பத்துக்கும் கீழே என்றால் மெல்லிய லைன், ஈயத்தலை வைத்த சின்னத் தூண்டில் முள், அதில் சுண்டுவிரல் அளவு ரப்பர்ப் புழு. அதை அடியில் இறக்கிவிட்டு அசையாமல் நிற்கவேண்டும். எனக்கு வராத வேலை.

தாராவில் பத்துக்குக் கீழே எண் கிடையாது. அந்தக் குளிரில் எந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறார்கள்? ஆகவே நவம்பரில் தங்கச்சி கையுறையைக் கழற்றிவிட்டுக் கையையே தண்ணீருக்குள் விடுவாள். முதியோர் இல்லமொன்றில் ஆட்களைக் குளிப்பாட்டுகிற வேலை அவளுக்கு. "ஏழு" என்பாள், "ஒன்பது" என்பாள். சரியோ பிழையோ, யார் கண்டது? நான் நம்பினேன். தூண்டிலை நான் எறிந்ததுமே, "ஆட்டாதை அக்கா, சும்மா வை" என்பாள். நான் ஆட்டுவேன். அவள் பிடிப்பாள்.

போன வருடம் வசந்தகாலத்தில் அவளுடைய வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆகஸ்ட் வந்தபோது சோறு, கஞ்சி, சூப் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் தானாகவே, "பொரிச்ச பாஸ் ஒரு துண்டு தின்ன ஆசையாக்கிடக்கு அக்கா" என்றாள். அவள் வாய்திறந்து ஒன்றைக் கேட்டாளே என்று எனக்குக் காலே நிலத்தில் நிற்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க ரொறொன்ரோ வெந்துகொண்டிருந்தது. தாரா இருபத்தெட்டுக் காட்டியது. விடியமுதல் போய் நின்றேன், பாசிக்குள் எறிந்தேன், பாலத்து நிழலில் எறிந்தேன், பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். உள்ளங்கை அளவு சூரியமீன் இரண்டைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஏரியை ஏசினேன், சூரியனை ஏசினேன். கடைசியில் தமிழ்க் கடையில் அறக்குளா மீன் துண்டு வாங்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துக்கொண்டு போனேன். அவள் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

"உது கடை மீன்."

"தண்ணி கொதிக்குதடி. ஒண்டும் கரைக்கு வருதில்லை. நான் என்ன செய்ய?"

"அதுக்கேன் அழுறாய்? தண்ணி குளிரட்டும். பிறகு பாப்பம்."

தண்ணீர் குளிர்ந்தது. அக்டோபர் தொடக்கத்தில் பதினான்கு, பதின்மூன்று என்று இருந்திருக்கும். பாஸ் கண்டதையெல்லாம் விழுங்குகிற நாட்கள் அவை. நான் ஆற்றுப் பக்கமே போகவில்லை. அப்போது அவளுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையால் இறங்கவில்லை; பஞ்சை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டிருந்தோம். அந்த மாதம் முடியுமுன் போய்விட்டாள்.

செத்த வீடு முடிந்த கையோடு எட்டுச் செலவு வந்தது. இறந்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அவ்வளவையும் மச்சமும் மரக்கறியுமாகச் சமைத்துப் படைக்கிற நாள். தங்கச்சியின் கணவர் அழுது அழுது குரலே இல்லாமல் இருந்தார்.

"சாப்பாடெல்லாம் கடையில சொல்லியாச்சு மச்சாள். நீங்கள் ஒண்டுக்கும் ஓடித்திரிய வேண்டாம்."

"மற்றதெல்லாம் கடையில எடுங்கோ. மீன் நான் கொண்டு வாறன்."

 அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

எட்டுச் செலவன்று காலையில் தனியாக ஆற்றுக்குப் போனேன். காற்று முகத்தை அறுத்தது. பாலத்தடியில் ஒரு தமிழ்ப் பெடியன் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். "அன்ரி, உந்தக் குளிருக்கை பாஸ் பிடிபடுமே?" என்று சிரித்தான். "பிடிபடாட்டி உமக்கென்ன?" என்றேன். பாவம், அவன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தாராவை எறிந்து இழுத்தேன். சிவப்புக் கோடு கடைசி எண்ணுக்கும் கீழே ஒடுங்கிக் கிடந்தது. கையுறையைக் கழற்றிக் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். எலும்புவரை வலித்தது. ஏழா, ஐந்தா, ஒன்றும் தெரியவில்லை. "எவ்வளவடி?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மேலே பாலத்தில் ரயில் போனது.

மெல்லிய லைனைக் கட்டி, ஈயத்தலை முள்ளைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டு அழத் தொடங்கினேன். செத்த வீட்டில் எல்லாரையும் அதட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்கச் சொல்லிக்கொண்டு நின்றவள் நான். அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது தூண்டில் கையில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. என் வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தூண்டிலை ஆட்டாமல் வைத்திருந்தேன். பொறுமை வந்ததால் அல்ல, ஆட்டுவதற்குத் தெம்பு இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ, தடி கனப்பதாகப் பட்டது. மீன் இழுக்கிற மாதிரியே இல்லை. நனைந்த துவாய் ஒன்று கொழுவிக்கொண்டதுபோல வெறும் பாரம். மெதுவாகச் சுற்றினேன். ஒரு நல்ல பாஸ், முழங்கை நீளம், குளிரில் துள்ளக்கூடச் சோம்பலாக வந்து கரையில் கிடந்தது. "பிடிச்சிட்டனடி!" என்று கத்திக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். அவள் நிற்கிற பக்கம் அது. அங்கே என் பெட்டி இருந்தது.

தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய், வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு நானே பொரித்தேன். ஒருவரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. பொழுதுபட்டதும் பேஸ்மென்ட் அறையில் அவளுடைய படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் படைத்தோம். கடைச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மீனை அவளுக்குக் கைக்கெட்டுகிற பக்கமாக வைத்தேன். வயதான உறவுக்கார அன்ரி ஒருவர், "எல்லாரும் வெளியில வாங்கோ. ஆக்கள் நிண்டா அவ வரமாட்டா" என்று கதவைச் சாத்தினார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போனாலும் செருப்பைப் பற்றித்தான் யோசிப்பேன். கதவுக்கு வெளியே படிக்கட்டில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். தங்கச்சியின் மகள், என் பெறாமகள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ஹவ் லோங் இப்பிடி நிக்கவேணும்?"

"கொஞ்ச நேரம் பிள்ளை. அம்மா ஆறுதலாச் சாப்பிடட்டும்."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். சொன்ன பிறகு அதை நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளே ஒரு சத்தம் கேட்கிறதா என்று கதவோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன். அன்ரி கதவைத் திறக்கப் போனபோது, "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ" என்று தடுத்தேன். மீனில் முள் இருக்கும், அவளுக்கு நேரம் எடுக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அன்ரி மெல்லத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். எல்லாரும் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் இலையைப் பார்த்தேன். ஒரு துண்டாவது குறைந்திருக்கிறதா, ஓரத்தில் கொஞ்சமாவது கிள்ளியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். வைத்த துண்டுகள் எல்லாம் வைத்தபடியே இருந்தன. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை, அவளுடைய மகள் நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

"ஒரு துண்டெண்டாலும் திண்டிருக்கலாமேடி" என்று படத்தைப் பார்த்துக் கத்தினேன்.