பால் தாங்கும் பியர்

ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி மகன் இந்த மார்கழியில் கண்டிக்கு வந்தபோது, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே ஒரு பியர் போத்தலைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அங்கே பனிக்காலத்துக்கென்றே காய்ச்சுகிற லாகராம். கிளாஸில் ஊற்றினான். நல்ல செம்மண் நிறம். குடிக்கிற ஒவ்வொரு பியருக்கும் கைபேசியில் நட்சத்திரம் போடுகிறவன் அவன். "பெரியப்பா, நீங்கதான் நாக்கு ஸ்பெஷலிஸ்ட். அஞ்சுக்கு எத்தன?" என்று கிளாஸை நீட்டினான்.

முகர்ந்தேன். சுட்ட பாண் ரொட்டியின் ஓரம், அடியில் கித்துள் கருப்பட்டி, அதற்கும் அடியில் வறுத்த தானியம். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, எழுந்துபோய் சிங்கில் துப்பிவிட்டு வந்து, "நாலு போடு. கசப்பு மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால வந்து நிக்குது" என்றேன். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பியரைத் துப்புகிற மனிதனை அவன் பார்த்ததே இல்லையாம். நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் துப்பியதால்தான் எனக்குப் பெண் கிடைத்தது என்றால் நம்புவீர்களா?

பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தேயிலைக் கம்பனியின் ருசி பார்க்கும் அறையில் எனக்கு வேலை கிடைத்தது. நீள மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். கரண்டியால் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சவேண்டும். சத்தம் குறைந்தால் எங்கள் தலைமை ருசிக்காரர் முறைப்பார். அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். பிறகு இடுப்புயரத்துக்கு நிற்கும் தகரக் குடத்தில் துப்பவேண்டும். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, வெற்றிலை கூடாது, குடி கூடவே கூடாது. மடத்துச் சாமியார்கள் எங்களைவிடச் சுகமாகச் சாப்பிட்டிருப்பார்கள். நல்ல தேயிலையைப் பாராட்ட அங்கே ஒரு சொல் இருந்தது, 'மால்ட்டி' என்று. மால்ட் எந்த மரத்தில் காய்க்கிறது என்று தெரியாமலேயே நான் அதை நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆனபோது, கண்டிக்கு அடுத்த கட்டுகஸ்தோட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் இளைய மகள் சரோஜாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அன்றைக்கே மனசு அவள் பின்னால் போய்விட்டது. இடைஞ்சல் ஒன்றுதான். கடைக்காரரின் மூத்த மருமகன் மொடாக்குடியன். மூத்த மகள் ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். "வாயில குடி பட்ட பயலுக்கு என் வீட்டு வாசப்படி கிடையாது" என்று அவர் தரகரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். நான்தான் தொட்டதே இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன்.

பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வந்திறங்காது. கண்டி வாவிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலுக்கு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, வழக்கமாக வரும் சீமைப் பியர் நின்றுபோய், உள்ளூரில் காய்ச்சிய கறுப்பு லாகரில் மூன்று மாதிரிகள் வந்திருந்தன. எதை எடுப்பது என்று மேனேஜருக்குக் குழப்பம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பெரியவரின் சிநேகிதர். பெரியவரைக் கூப்பிட்டிருந்தார். பெரியவருக்கோ சளி பிடித்து மூக்கு அடைத்துக் கிடந்தது. "நாக்கு நாக்குதானே, நீ போய் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டார். துப்பத்தானே போகிறோம் என்று நானும் போனேன்.

முதல் கிளாஸ் பச்சைத் தண்ணீர். பத்துக்கு மூன்று. நான் உறிஞ்சிய சத்தத்தில் வெயிட்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். ஐஸ் வாளியில் துப்பினேன். இரண்டாவதில், வருஷக்கணக்காக வாயளவில் சொல்லிவந்த மால்ட்டை, முளைகட்டி வறுத்த தானிய ருசியை, நேரிலேயே சந்தித்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், "இதுக்கு எட்டு சேர். நல்ல திக்கா இருக்கு. பால் ஊத்தினா தாங்கும்" என்றேன். தேயிலைக்கு நாங்கள் கொடுக்கும் உச்சப் பாராட்டு அதுதான்.

"ஐசே, பியருக்கு ஆர் பால் விடுறது?" என்று மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

மூன்றாவது வாய்க்குள் இருந்தபோது கதவு திறந்தது. நத்தார் விருந்துக்கு அண்டா கொண்டுவந்த கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர், மேனேஜரைப் பார்க்க உள்ளே வந்தார். தரகர் காட்டிய போட்டோவில் என் முகம் அவருக்குத் தெரியும். என் முன்னால் மூன்று போத்தல்கள். விழுங்கினால், மாமனார் ஆகப்போகிறவர் கண்முன்னாலேயே குடித்ததாகிவிடும். துப்பினால், பெரிய மனுஷர் முன்னால் மரியாதை கெட்டுவிடும். வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து கும்பிட்டேன். தேநீர் என்றால் வாயில் சும்மா கிடக்கும். பியர் அப்படியில்லை, நுரைத்துக்கொண்டே போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கன்னம் உப்பி, நுரை மூக்கு வழியாக வந்துவிட்டது. பாய்ந்துபோய் வாளியில் கொட்டினேன்.

"என்ன தம்பி இது?" என்றார். கண்ணிலும் மூக்கிலும் வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

"ருசி பாக்க வந்தவர் ஐயா. ஒரு சொட்டும் விழுங்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்றார் மேனேஜர்.

கடைக்காரர் குனிந்து வாளிக்குள் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் ருசி அறை வாசலில் அவர் நின்றார். பெரியவர் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். ஒரு வரிசைக் கோப்பைகளை நான் உறிஞ்சித் துப்புகிறவரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "வாயில போட்டத வெளிய துப்புறதுக்கு ஒரு வேலையா?" என்றார். "ஆமாங்க" என்றேன். தகரக் குடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மூத்தவளக் கட்டுன பயலுக்கு முழுங்க மட்டுந்தான் தெரிஞ்சுச்சு" என்றார். "தை பொறக்கட்டும். வீட்டுக்கு வாங்க."

மகளுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி வந்து, ஒருவன் துப்புவதை உட்கார்ந்து பார்த்த அந்த மனிதரை இன்றைக்கும் மனசாரக் கும்பிடுகிறேன்.

சரோஜா அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடவில்லை. கல்யாணமான முதல் வாரமே, வேலைவிட்டு வந்த என்னை வாசற்படியில் நிறுத்தி, "ஊதுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அதான் உங்கப்பா பாத்துட்டாரே!"

"அப்பா வாளியப் பாத்தாரு. நா பாக்கலயே" என்றாள். அக்கா பட்டதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஊதினேன். மறுநாளும் ஊதினேன். ஒரு வருஷத்துக்குள் சந்தேகம் கரைந்துவிட்டது, ஊதுவது மட்டும் நிற்கவில்லை. "கூட்ஸ்ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல வெங்காய வடை தின்னிருக்கீங்க, பெரியவர்கிட்ட சொல்லவா?" என்பாள். "வாசம் ஒரு மாதிரியா இருக்கே, வயிறு சரியில்லையா?" என்பாள். காய்ச்சல் வரப்போவதை எனக்கு முன்னால் அவள் மூக்கு கண்டுபிடித்துவிடும். பிள்ளைகள் வளர்ந்து வாய்பொத்திச் சிரித்தபோதும் அவள் விடவில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகும், மார்க்கெட்டுக்குப் போய்வந்தால்கூட வாசலில் சோதனை உண்டு. தன் மூச்சைப் பற்றித் தினமும் கவலைப்பட ஒரு ஆள் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நான் கொடுத்துவைத்தவன்.

அந்தக் கறுப்பு லாகர் அடுத்த நத்தாருக்கு வரவில்லை. ருசி அறை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. ஹோட்டலின் பெயர் மாறிவிட்டது. மாமனாரின் கடை வாசலில் வேறு யாரோ பிளாஸ்டிக் சாமான்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சரோஜா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பூட்டைத் திறந்ததும், கால் தானாக வாசற்படியில் நின்றுவிடுகிறது. வாயைத் திறந்து ஊதுகிறேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறேன்.